கன்டெய்ன்மென்ட்: அணைகோலல்

எதிரி நாட்டைப் படையெடுத்து வீழ்த்த முயலாமல், அதன் ஆட்சியும் செல்வாக்கும் இப்போதுள்ள எல்லையைத் தாண்டிப் பரவாமல் தடுத்து வைக்கும் கொள்கைக்குக் கன்டெய்ன்மென்ட் என்று பெயர். பனிப்போர்க் காலத்தில் முதலில் சோவியத் ஒன்றியத்துக்கும், 1949க்குப் பிறகு செஞ்சீனாவுக்கும் எதிராக அமெரிக்கா கைக்கொண்டது இதைத்தான். அமெரிக்கப் படை பசிபிக்கைக் கடந்து வியட்நாமுக்குப் போனதும் இந்தச் சொல்லின் பெயரால்தான்.

வேர் இலத்தீன். 'கொன்' என்றால் சேர்த்து, 'தெனேரே' என்றால் பிடித்திருத்தல். ஒன்றை அதன் கொள்ளிடத்துக்குள்ளேயே இருத்தி வைப்பது. துறைமுகச் சாலையில் போகும் கன்டெய்னர் லாரியின் பெயரும் அதே வேரில் பிறந்தது. 2020இல் தெருமுனைகளில் தகரம் அடித்து அறிவிக்கப்பட்ட கன்டெய்ன்மென்ட் பகுதிகளை நினைத்தால் பொருள் எளிதில் பிடிபடும்: உள்ளே உள்ளதை அழிப்பதல்ல, வெளியே விடாமல் இருப்பதே முதல் வேலை.

அரசியல் பொருளை இதற்குக் கொடுத்தவர் ஜார்ஜ் கென்னன். மாஸ்கோவில் அமெரிக்கத் தூதரகத்தில் இருந்த அவர், 1946 பிப்ரவரி 22 அன்று வாஷிங்டனுக்கு மிக நீண்ட தந்தி ஒன்றை அனுப்பினார். 1947 ஜூலையில் அதே கருத்தை 'எக்ஸ்' என்ற புனைபெயரில் கட்டுரையாக்கியபோது கன்டெய்ன்மென்ட் என்ற சொல் அதில் வந்தது. அங்கே அவர் பயன்படுத்திய உவமையைக் கவனிக்க வேண்டும். சோவியத் அரசியல் ஓடும் நீரைப் போன்றது. பள்ளம் மேடு பார்த்து, கிடைத்த மூலைமுடுக்கையெல்லாம் நிரப்பும். கடக்க முடியாத தடை எதிர்ப்பட்டால் முட்டி மோதாமல் அடங்கி நிற்கும் என்றார். ஆகவே பொறுமையாக, உறுதியாக, நெடுங்காலம் தடுத்து நின்றால் போதும், உள்ளே இருப்பது தானே தளரும் என்பது அவர் கணக்கு.

தமிழ்ச் சொல்லை இந்த உவமையிலிருந்துதான் எடுக்க வேண்டும். 'கட்டுப்பாட்டுக் கொள்கை' என்று எழுதுவது பொருந்தாது. கட்டுப்பாடு என்றால் நம் பிடியில் இருப்பதை ஆளுதல். இங்கே எதிராளி நம் பிடியில் இல்லை. இன்னொரு குழப்பமும் உண்டு. 1954இல் வியட்நாமுக்கென இந்தியா தலைமையில், கனடாவும் போலந்தும் சேர்ந்து அமைந்த சர்வதேசக் கட்டுப்பாட்டு ஆணையம் இதே வரலாற்றில் வருகிறது. இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் படிப்பவர் தடுமாறுவார். 'தடுப்புக் கொள்கை' தாக்குதல் நடக்காமல் அச்சுறுத்தித் தடுப்பதோடு கலந்துவிடும். 'முற்றுகை' போர்ச் செயல்.

அணைகோலல் என்பதே நேர்ச்சொல். 'வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டும்' என்ற பழமொழியில் இருப்பது. கோலுதல் என்றால் வளைத்துக் கட்டுதல். வேலி கோலுதல் என்றும் சொல்வோம். நீர், தடை, சுற்றி வளைத்தல் மூன்றும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. எதிரியின் எல்லைக்குள் புகுந்து அவனை ஓட்டுவதற்குப் 'பின்தள்ளல்' என்று தனியாகவே எழுத வேண்டும்.

சரி, அணை கட்டுபவன் எல்லா இடத்திலும் கட்டுவதில்லை, நீர் உடைக்கும் இடம் பார்த்துத்தானே கட்டுவான்? கென்னனும் அப்படித்தான் நினைத்தார். அமெரிக்கா, பிரிட்டன், ரைன் ஆற்றையொட்டிய ஜெர்மனிப் பகுதி, ஜப்பான், சோவியத் ஒன்றியம் என ஐந்தே இடங்களில்தான் பெரும்போர் நடத்தும் தொழில்வலு உண்டு. மற்ற நான்கும் சோவியத் கைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். வியட்நாம் அந்தக் கணக்கில் இல்லை.

கணக்கு மாறியது 1950இல். அந்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்புக் குழுவுக்காக உருவான என்.எஸ்.சி. 68 என்ற ரகசிய ஆவணம், சுதந்திர அமைப்புகள் எங்கே தோற்றாலும் எல்லா இடத்திலும் தோற்றதாகவே பொருள் என்றது. ஜூனில் கொரியப் போர் வெடித்தது. பிறகு 1954 ஏப்ரல் 7 அன்று, வியட்நாமின் தியென் பியென் பூவில் பிரெஞ்சுக் காலனியப் படை கம்யூனிஸ்டுகளால் வளைக்கப்பட்டுக் கிடந்த நேரத்தில், குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் செய்தியாளர்களிடம் டோமினோ உவமையைச் சொன்னார்: கட்டைகளை வரிசையாக நிறுத்தி முதலாவதைத் தட்டினால், கடைசிக் கட்டையும் விழுந்துவிடும்.

நீர் போய்க் கட்டை வந்தது. விபரீதம் இங்கேதான் தொடங்கியது. நீருக்கு அணை கட்டுபவன் மேட்டையும் பள்ளத்தையும் பிரித்துப் பார்ப்பான். டோமினோவில் எல்லாக் கட்டையும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. எது சாய்ந்தாலும் ஆபத்து. அப்படி நினைத்துவிட்டால் தொலைவிலுள்ள சிறுநாடும் சொந்த வாசற்படிபோலத் தெரியும். இதைத் தமிழில் 'தொடர்சரிவுக் கோட்பாடு' எனலாம்.

நாடுகள் ஒரே அளவுக் கட்டைகள் அல்ல என்பது வாஷிங்டனுக்குத் தெரியாமலும் இல்லை. லாவோசும் தென்வியட்நாமும் விழுந்தால் மற்ற நாடுகளும் விழுமா என்று 1964 ஜூனில் கேட்கப்பட்டபோது, கம்போடியாவைத் தவிர வேறு எதுவும் விரைவில் விழ வாய்ப்பில்லை என்றே அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் மதிப்பீட்டுக் குழு பதில் எழுதியது. இருந்தும் ஆகஸ்ட் 7 அன்று, வியட்நாமில் படைபலத்தைப் பயன்படுத்தக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் தந்த டோன்கின் வளைகுடாத் தீர்மானம் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையில் 416க்கு 0, மேலவையில் 88க்கு 2 என நிறைவேறியது. 1965 மார்ச் 8 அன்று சுமார் 3,500 அமெரிக்க மரைன் வீரர்கள் தென்வியட்நாமின் டா நாங்கில் இறங்கினார்கள். 1969இல் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினரின் மொத்த எண்ணிக்கை 5,43,000.

ஏன் போனார்கள் என்பதற்கு, மரைன்கள் இறங்கிய அதே மாதத்தில் பாதுகாப்புத் துறை உதவிச் செயலாளர் ஜான் மெக்நாட்டன் எழுதிய குறிப்பைவிட நேரான விடை இல்லை. அமெரிக்கா தோற்று அவமானப்படாமல் இருக்க 70 சதவீதம். தென்வியட்நாம் சீனாவின் கைக்குப் போகாமல் இருக்க 20 சதவீதம். அந்த மக்கள் மேம்பட்ட, சுதந்திரமான வாழ்வு வாழ 10 சதவீதம். அணைகோலல் என்ற பெயர் அப்படியே நின்றது. உள்ளே இருந்தது பெரும்பாலும் வல்லரசின் சொல்மதிப்பு. சீனாவைக் கம்யூனிஸ்டுகளிடம் கோட்டைவிட்டவர் என்று முன்னாள் குடியரசுத் தலைவர் ட்ரூமன் வாங்கிய வசை, அப்போதைய குடியரசுத் தலைவர் ஜான்சனுக்கு நன்றாக நினைவிருந்தது.

போர் நடந்த விதத்திலும் இந்தச் சொல்லின் தடம் உண்டு. 1950 அக்டோபரில் அமெரிக்கா தலைமையிலான படை, இரு கொரியாக்களையும் பிரித்த 38ஆம் அட்சக்கோட்டைத் தாண்டி வடக்கே போனது பின்தள்ளல். சீனப் படை இறங்கியது, போர் கடைசியில் பழைய கோட்டருகே வந்து நின்றது. அந்தப் பாடத்தால் வியட்நாமில் தரைப்படை, வடக்கையும் தெற்கையும் பிரித்த 17ஆம் அட்சக்கோட்டைத் தாண்டி வடக்கைப் பிடிக்க அனுப்பப்படவில்லை. சீன எல்லையையொட்டி 25 முதல் 30 கடல் மைல் அகலத்துக்குக் குண்டுவீச்சு விலக்குப் பட்டை இருந்தது. எந்த இலக்கைத் தாக்குவது என்பது வெள்ளை மாளிகையின் செவ்வாய்க்கிழமை மதிய உணவு மேசையில் முடிவானது. எதிரி வடக்கே ஓய்வெடுத்து, லாவோஸ், கம்போடியா வழியாகத் தெற்கே ஆளும் ஆயுதமும் அனுப்ப முடிந்தது. தடுத்து நிற்க மட்டும் நடக்கும் போருக்கு முடிவுப் புள்ளி எதிரி சலித்துப்போவதுதான், வடவியட்நாமின் தலைநகரான ஹனோய் சலிக்கவில்லை. 58,220 அமெரிக்கர் மாண்டனர். மாண்ட வியட்நாமியர் பல லட்சம்.

1975இல் தென்வியட்நாம், கம்போடியா, லாவோஸ் மூன்றும் கம்யூனிஸ்டுகள் கைக்கு வந்தன. தாய்லாந்து சாயவில்லை, மலேசியா சாயவில்லை. 1979 பிப்ரவரியில் சீனாவே வியட்நாமைத் தாக்கியது. ஒரே வெள்ளம் என்று எண்ணப்பட்டது தனித்தனி ஓடைகளாக இருந்திருக்கிறது.

ஆகையால் எழுதும்போது காலம் பார்த்துச் சொல்லைத் தேர்வது நல்லது. 1947இல் கிரீசுக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் உதவி தர ட்ரூமன் நாடாளுமன்றத்தைக் கேட்டது அணைகோலல். 1950 அக்டோபரில் வடகொரியாவுக்குள் நுழைந்தது பின்தள்ளல். 1965இல் டா நாங்கில் இறங்கியதை எழுதினால், 'தொடர்சரிவு அச்சத்தால் அணைகோலல் கொள்கை வியட்நாம்வரை நீட்டப்பட்டது' என்று இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். சொல்லை உருவாக்கிய கென்னனே 1966 பிப்ரவரியில் மேலவையின் வெளியுறவுக் குழு முன் அமர்ந்து, இந்தப் போரில் நாம் ஏற்கெனவே இறங்கியிராவிட்டால் இறங்குவதற்கான காரணமே எனக்குத் தெரியவில்லை என்ற பொருளில் சாட்சி சொன்னார்.