மயக்கமா, மரப்பா?

என் அத்தைக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. ஒப்புதல் படிவத்தில் ‘தண்டுவட மயக்கம் தரப்படும்’ என்று இருந்தது. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். உள்ளே எலும்பை அறுக்கும் சத்தம் காதில் விழுந்ததும் பதறிவிட்டார். “மயக்கம் குடுக்கிறோம்னு சொன்னீங்களே, எனக்கு எல்லாம் கேக்குதே!” மருந்து சரியாகத்தான் வேலை செய்தது, இடுப்புக்குக் கீழே துளி வலி இல்லை. ஏமாற்றியது அந்தச் சொல். இன்றும் ‘பகுதி மயக்கம்’, ‘உள்ளிட மயக்கம்’ (ஓரிடத்தை மட்டும் மரக்கச் செய்வது) என்றெல்லாம் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இங்கெல்லாம் ‘மயக்கம்’ என்று மொழிபெயர்த்திருப்பது அனஸ்தீசியா என்ற ஆங்கிலச் சொல்லை. அது கிரேக்கத்திலிருந்து வந்தது: ‘அன்’ என்றால் இல்லாத, ‘ஐஸ்தீசிஸ்’ என்றால் புலனுணர்வு. 1846-இல் பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் என்ற மருந்தின் ஆவியைக் கொடுத்து வலியில்லா அறுவையைக் காட்டியபின், இந்தப் பெயரை வைக்கலாம் என்று அவருக்கு எழுதியவர் மருத்துவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். மூலச் சொல்லில் தூக்கமும் இல்லை, நினைவு தப்புவதும் இல்லை.

நம் ‘மயக்கம்’ வேறு வழியில் வந்த சொல். இலக்கணத்தில் மெய்ம்மயக்கம், திணை மயக்கம், வேற்றுமை மயக்கம் என்கிறோம். எல்லாம் ஒன்றோடொன்று கலப்பது. பகலும் இரவும் மயங்குவது மாலை. அறிவு தெளிவிழந்து மங்குவதும் மயக்கம்தான். ஆகவே முழு உடலுக்கும் மருந்து கொடுத்து நினைவில்லாமல் ஆக்கும்போது அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் முதுகில் ஊசி போட்டுக்கொண்டு டாக்டரிடம் பேசியபடி படுத்திருப்பவருக்கு என்ன மயக்கம்?

மக்களுக்குப் பழகிய சொல்லை மாற்றாதே என்பார்கள். சரி, மக்கள் என்ன சொல்கிறார்கள்? பல் பிடுங்கப் போனவர் யாராவது ‘உள்ளிட மயக்கம் கொடுத்தார்கள்’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறோமா? “மரத்துப் போற ஊசி போட்டாங்க” என்பார்கள். உட்கார்ந்தே இருந்தால் கால் மரத்துப் போகிறது. கிள்ளினால் தெரியாது, ஆனால் முழித்துக்கொண்டுதான் இருக்கிறோம். இதைவிடத் துல்லியமாக எந்தக் கலைச்சொல் சொல்லிவிடும்? மரப்பு என்ற சொல் வாயிலேயே இருக்க, மொழிபெயர்ப்பாளர் காது கொடுக்கவில்லை. ‘உணர்விழப்பு’ என்பதும் எனக்குச் சம்மதமில்லை. உணர்விழந்து கிடந்தார் என்றால் மறுபடியும் மயக்கம்தான். மொத்தத் துறைக்கு ‘உணர்வகற்றல்’ இருக்கட்டும். அதற்குள் முழு மயக்கம், முதுகுவழி மரப்பு, இட மரப்பு என்று பிரித்துவிடலாம். ‘தண்டுவட’ என்ற அடையும் வேண்டாம். தண்டுவடத்திலேயே குத்துவார்கள் என்று பயந்தவர்கள் எத்தனை பேர்! ஊசி இறங்குவது தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே. மருந்து அங்குள்ள நீரில் சேர்கிறது.

‘தீவிர சிகிச்சைப் பிரிவு’ படுத்தும் பாடும் இதே கதைதான். 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவி மூச்சு நின்றுபோகும் நிலையில் வந்தவர்களுக்கு, கையால் காற்றழுத்திச் சுவாசம் கொடுக்க வழிகாட்டியவர் பியோன் இப்சன். உணர்வகற்றல் மருத்துவரான அவர் தொடங்கிவைத்த ஏற்பாட்டிலிருந்துதான் இந்தப் பிரிவே வளர்ந்தது. இடைவிடாமல் பக்கத்திலிருந்து கவனிப்பதே அதன் உயிர். தமிழில் ‘தீவிரம்’ என்றதும் நோய் முற்றிவிட்டது என்றுதான் மனசு எடுத்துக்கொள்கிறது. பெரிய அறுவைக்குப் பிறகு ஒரு நாள் கவனிப்புக்காக மாற்றினால்கூட வெளியே குடும்பமே அழுகிறது. ‘தொடர் கண்காணிப்புப் பிரிவு’ என்று எழுதி, எதற்காக, எத்தனை நாள் என்று கீழே ஒரு வரி சேர்த்தால் அந்த அழுகை பாதி குறையும்.