பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: புரொஃபைலரும் பிராசஸரும்

யூஎஸ்பி சென்சார் ஒன்றுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதிய வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நிரலின் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் லினக்ஸ் புரொஃபைலரான ‘பெர்ஃப்’பை இன்டெல் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தால், தரவை நகலெடுக்கும் அவருடைய ஃபங்ஷன்தான் அதிக நேரம் எடுக்கிறது என்று வருகிறது. அதே டிரைவரை, ஆர்ம் சிப் கொண்ட சிறு கணினியான ராஸ்பெர்ரி பை 4-இல் ஓட்டினால் அந்த ஃபங்ஷன் பட்டியலின் அடியில் கிடக்கிறது. முதலிடத்தில் இருப்பது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் பூட்டைத் திறக்கும் ‘ரா ஸ்பின் அன்லாக் ஐஆர்க்யூ ரிஸ்டோர்’ என்ற ஃபங்ஷன். “பூட்டைத் திறக்கவா இவ்வளவு நேரம்? ஆர்ம் சிப்பில் ஏதாவது கோளாறா?”

சிப்பில் கோளாறு எதுவும் இல்லை. பூட்டைத் திறப்பது ஒரு சில கட்டளைகளில் முடிகிற வேலை. இங்கே நடப்பது பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

புரொஃபைலர் ஒவ்வொரு கட்டளையையும் பின்தொடர்வதில்லை, அவ்வப்போது எட்டிப் பார்க்கும். அவ்வளவுதான். எட்டிப் பார்க்க உதவுவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கவுன்டர்கள். எத்தனை கடிகாரச் சுற்று ஓடியது, எத்தனை கட்டளை முடிந்தது, கேஷ் என்ற வேக நினைவகத்தில் தேடியது எத்தனை முறை கிடைக்கவில்லை என்று இவை எண்ணிக்கொண்டே இருக்கும். பெர்ஃப் அந்தக் கவுன்டரில் பூஜ்யத்தை வைப்பதில்லை. மைனஸ் பத்து லட்சம் என்பதுபோல ஓர் எண்ணை வைக்கும். எண்ணி எண்ணி அது பூஜ்யத்தைத் தாண்டி வழியும்போது பிராசஸர் ஓர் இன்டரப்ட், அதாவது நடக்கும் வேலையை இடைமறிக்கும் சமிக்ஞை, எழுப்பும். அந்த நொடியில் எந்த முகவரியில் இருந்த கட்டளை ஓடிக்கொண்டிருந்தது என்று கெர்னல் குறித்துக்கொள்ளும். இயல்பான அமைப்பில் நொடிக்கு 4,000 தடவை இப்படிக் குறிக்கப் பார்க்கும். எந்த முகவரி அடிக்கடி வருகிறதோ அதுவே நேரத்தைத் தின்கிறது என்பது கணக்கு.

இந்தக் கவுன்டர்கள் ஒரு காலத்தில் ரகசியமாக இருந்தன. 1993-இல் வந்த பென்டியத்தில் இரண்டு கவுன்டர்களை வைத்த இன்டெல், விவரத்தை ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டுமே காட்டியது. நார்வே நிரலாளர் டெர்யே மாதிசன் தானே துருவிக் கண்டுபிடித்து 1994-இல் ‘பைட்’ இதழில் போட்டு உடைத்தார். வாங்கிய சிப்புக்குள் என்ன இருக்கிறது என்று வாங்கியவரிடம் மறைப்பது என்ன நியாயமோ.

2009-இல் லினக்ஸ் 2.6.31-இல் பெர்ஃப் நுழைந்தபோது அதன் முன் இருந்த முதல் சிக்கல் பெயர்கள். கடிகாரச் சுற்றை எண்ணச் சொல்லும் குறியீடு இன்டெலில் 3சி, ஏஎம்டியில் 76, ஆர்மில் 11 (மூன்றும் ஹெக்ஸாடெசிமல்). ஆகவே ‘சைக்கிள்ஸ்’, ‘இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்’ போன்ற பொதுப் பெயர்களைப் பயனாளருக்குக் கொடுத்துவிட்டு, அடியில் ஒவ்வொரு பிராசஸர் குடும்பத்துக்கும் ஓர் அட்டவணை வைத்துக்கொண்டார்கள். சிப்புக்கே உரிய மற்ற நிகழ்வுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவை ஜேசன் கோப்புகளாகக் கெர்னல் மூலநிரலோடு வருகின்றன. பெர்ஃப் தான் ஓடும் சிப்பின் அடையாள எண்ணைப் படித்து உரியதைத் தேர்ந்துகொள்ளும்.

இங்கே ஒரு குறும்பும் உண்டு. ஒரு கணினியில் பதிந்த கோப்பை இன்னொன்றில் பிரித்துப் பார்க்கலாம் என்பதால், கட்டமைப்பின் பெயரைச் சீராக்க ஒரு குட்டி ஃபங்ஷன் இருக்கிறது. ஐ386, ஐ486, ஐ586, ஐ686 எல்லாவற்றையும் அது ‘எக்ஸ்86’ (இன்டெல், ஏஎம்டி சிப்களின் பொதுக் குடும்பப் பெயர்) ஆக்கிவிடும். எப்படி? முதல், மூன்றாம், நான்காம் எழுத்துகளை மட்டும் பார்க்கும். இரண்டாம் எழுத்து எதுவானாலும் கவலையில்லை. படித்தபோது சிரித்தேன்.

ஆனால் அட்டவணை பெயரைத்தான் ஒன்றாக்கும், பொருளை அல்ல. ‘கேஷ் மிஸ்’ என்ற பொதுப் பெயர் இன்டெலில் கடைசி நிலை கேஷிலும் கிடைக்காமல் போனதை எண்ணும். 64-பிட் ஆர்மில் அதே பெயர் முதல் நிலைத் தரவுக் கேஷ் மறுநிரப்பலை எண்ணும். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து “ஆர்ம் மோசம்” என்று முடிவுகட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றுபோலக் காட்டுவதற்குப் பதில் “இந்தச் சிப்பில் அது இல்லை” என்று கைவிரித்திருந்தால் நேர்மையாக இருந்திருக்கும் என்பது என் கட்சி.

வாசகரின் பூட்டுக்கு வருவோம். கெர்னல் சில வேலைகளை இடையூறு இல்லாமல் முடிக்க வேண்டும். அப்போது பூட்டைப் போட்டு, அந்தக் கோரில் இன்டரப்ட்களையும் தடுத்துவிடும். வாசகரின் நகலெடுக்கும் ஃபங்ஷன் ஓடுவது அப்படிப்பட்ட பகுதிக்குள்தான். கேள்வி இதுதான்: கவுன்டர் வழிந்து எழுப்பும் இன்டரப்ட்டும் தடுக்கப்படுமா?

எக்ஸ்86-இல் தடுக்கப்படாது. அங்கே பெர்ஃப் அதை என்எம்ஐ, அதாவது தடுக்க முடியாத இன்டரப்ட் வகையாக அமைத்துக்கொள்கிறது. பூட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உள்ளே வரும், நகலெடுக்கும் ஃபங்ஷனைக் கையும் களவுமாகப் பிடிக்கும். பை 4-இல் அது மற்றவற்றைப் போலச் சாதாரண இன்டரப்ட். தடை நீங்கும்வரை காத்துக்கிடக்கும். கதவு சாத்தியிருந்தால் தபால்காரர் வாசலில் நிற்கிறார், திறந்ததும் அவர் முதலில் பார்ப்பது கதவைத் திறந்தவரைத்தானே? பூட்டுக்குள் நடந்த அத்தனை நேரமும், தடையை நீக்கிய அந்த ஒரு கட்டளையின் கணக்கில் வந்து விழுகிறது.

இதற்கு ஆர்ம் உலகம் கண்ட மாற்றுவழியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. வன்பொருளில் என்எம்ஐ இல்லை. சரி, இன்டரப்ட்டைத் தடுக்கும் விதத்தையே மாற்றினால்? பிராசஸரின் தடைக்கொடியைத் தொடாமல், ஜிஐசி என்ற இன்டரப்ட் கட்டுப்பாட்டுச் சாதனத்திடம் “இந்த முன்னுரிமைக்குக் கீழே உள்ளவை வேண்டாம்” என்று மட்டும் கெர்னல் சொல்லும். கவுன்டரின் இன்டரப்ட்டுக்கு அதைவிட உயர்ந்த முன்னுரிமை. மற்றவை நிற்க, இது மட்டும் நுழையும். கெர்னலின் மற்ற பகுதிகளைப் பொறுத்தவரை இன்டரப்ட்கள் ‘தடுக்கப்பட்டே’ இருக்கின்றன. பொய் என்எம்ஐ என்றே பெயர். லினக்ஸ் 5.1-இல் அடித்தளம் வந்தது, 5.10-இல் கவுன்டர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கின. தேவை ஜிஐசி மூன்றாம் பதிப்பு. பூட் செய்யும்போது தனியாகக் கேட்டால்தான் இயங்கும். பை 4-இல் இருப்பதோ இரண்டாம் பதிப்பைச் சேர்ந்த ஜிஐசி-400. வாசகருக்கு அந்த வழி இல்லை. பிற்பாடு ஆர்ம் 8.8 கட்டமைப்பு உண்மையான என்எம்ஐயையே சேர்த்துக்கொண்டது.

என்எம்ஐ இருந்தாலும் பழி முழுசாகத் தீராது. இன்றைய பிராசஸர் நூற்றுக்கணக்கான கட்டளைகளை ஒரே சமயத்தில் கையில் வைத்திருக்கும். இன்டெல் ஸ்கைலேக்கில் அந்த வரிசை 224 இடம் கொண்டது. கவுன்டர் வழிவதற்கும் இன்டரப்ட் வந்து சேர்வதற்கும் இடையே குறிக்கப்படும் முகவரி சில கட்டளைகள் சறுக்கிவிடும். மெதுவான வகுத்தலின் குற்றம் அடுத்திருக்கும் அப்பாவிக் கூட்டலின் மேல் விழும். இந்தச் சறுக்கலைக் குறைக்கச் சிப்பிலேயே வசதிகள் உண்டு. இன்டெலின் பெப்ஸில் பிராசஸரே பதிவை நினைவகத்தில் எழுதிவிடும். ஏஎம்டியின் ஐபிஎஸ்ஸும் ஆர்மின் எஸ்பிஇயும் ஏதோ ஒரு செயலைத் தேர்ந்து, அடையாளமிட்டு, அது முடியும்வரை கூடவே போகும். டிஇசி என்ற கணினி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தங்கள் ஆல்ஃபா பிராசஸருக்காக 1997-இலேயே ‘புரொஃபைல்மீ’ என்று முன்வைத்த யோசனை இது. நிகழ்வின் பெயருக்குப் பின் முக்காற்புள்ளியும் இரண்டு ‘பி’யும் போட்டால், இன்டெலில் பெப்ஸையும் ஏஎம்டியில் ஐபிஎஸ்ஸையும் பெர்ஃப் தானே எடுத்துக்கொள்ளும். பை 4-இன் கார்டெக்ஸ் ஏ72-இல் எஸ்பிஇயும் கிடையாது.

ரிஸ்க்-வி என்ற திறந்த பிராசஸர் கட்டமைப்பில் கதை இன்னும் பின்னால். அதன் தொடக்கக் கட்டமைப்பில் கவுன்டர் உண்டு, வழிந்தால் கூப்பிடும் வசதி இல்லை. ‘எஸ்எஸ்சிஓஎஃப்பிஎம்எஃப்’ என்ற நாக்குச் சுளுக்கும் பெயருள்ள நீட்டிப்பு பிறகுதான் அதைக் கொடுத்தது. அது இல்லாத சைஃபைவ் யூ74 போன்ற கோர்களில் மொத்த எண்ணிக்கை கிடைக்கும். எங்கே நேரம் போகிறது என்று பார்க்க மென்பொருள் டைமரைத்தான் நம்ப வேண்டும்.

இதில் நமக்கும் அக்கறை உண்டு. சென்னை ஐஐடியின் சக்தி பிராசஸர்கள் ரிஸ்க்-வி வகைதான். 2022-இல் ஒன்றிய அரசு, ரிஸ்க்-வி சிப்களை உள்நாட்டில் உருவாக்கும் டிர்-வி திட்டத்தை அறிவித்தது. நல்ல காரியம். சிப் வெளிவரும் நாளில் மேடை, மாலை, புகைப்படம் எல்லாம் இருக்கட்டும். அந்தச் சிப்பின் கவுன்டர்களுக்கு பெர்ஃப் அட்டவணை எழுதிக் கெர்னலில் சேர்த்து, பத்தாண்டு பராமரிக்கும் ஆளுக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில்? மானியக் கோரிக்கையில் அதற்கு ஒரு வரி வேண்டும். கருவி இல்லாத சிப்பில் நிரல் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ‘உள்நாட்டுச் சிப் என்றாலே மெதுவு’ என்ற மூடநம்பிக்கை அப்படித்தான் வேர்விடும்.

வாசகருக்கு: பை 4-இல் அன்லாக் ஃபங்ஷனின் மேல் நேரம் குவிந்தால், அதைக் கூப்பிட்டது யார் என்று பாருங்கள். பதியும்போது அழைப்புத் தொடரையும் சேர்த்துப் பதியச் சொன்னால் போதும், 64-பிட் ஆர்ம் கெர்னலில் அது நன்றாகவே வரும். அன்லாக்குக்கு மேலே உங்கள் டிரைவரின் ஃபங்ஷன் நின்றால், அது பூட்டைப் பிடித்ததற்கும் விட்டதற்கும் இடையிலுள்ள வரிகள்தான் விசாரணைக்குரியவை. நகலெடுப்பதை அந்தப் பூட்டுக்கு வெளியே கொண்டுவர முடிகிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி ஓட்டுங்கள்.