சிட்டையை முதலில் எழுதுங்கள்

போன வாரம் காரைக்குடியில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். புள்ளியியல் முடித்துவிட்டு, வீட்டிலிருந்தபடியே ஒரு மருந்து ஆய்வுக்குத் தரவு வேலை பார்க்கிறான். "அக்கா, டேட்டாசெட் எல்லாம் முடிச்சதும் டூல்ல போட்டா டிஃபைன் ஃபைல் தானா வந்துடுது. அதையே வச்சு செக் பண்ணினா எர்ரரே வரல. சரிதானே?" என்றான். சரியில்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் பல வருடம் இந்த வேலையில் இருப்பவர்களிடமும் இதே பழக்கத்தைப் பார்க்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: ஆய்வில் சேர்ந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவமனைகளில் படிவங்களில் பதிகிற விவரங்களை, மருத்துவ ஆய்வுத் தரவுக்குத் தரங்கள் வகுக்கும் சிடிஸ்க் அமைப்பின் எஸ்டிடிஎம் தரத்துக்கு மாற்றித்தான், மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்காவின் எஃப்டிஏவுக்கும் ஜப்பானின் பிஎம்டிஏவுக்கும் அனுப்புகிறோம். அதோடு சேர்ந்து போவது டிஃபைன் எக்ஸ்எம்எல் என்கிற மெட்டாடேட்டா கோப்பு. என்னென்ன அட்டவணைகள், அவற்றின் ஒவ்வொரு பத்திக்கும் (நெடுவரிசைக்கும்) என்ன பெயர், என்ன வகை, எவ்வளவு நீளம், அதில் எந்தெந்தச் சொற்கள் வரலாம், மதிப்பு படிவத்திலிருந்து நேராக வந்ததா, நாம் கணக்கிட்டதா, கணக்கிட்டதென்றால் எப்படி என்பதெல்லாம் அதில் இருக்கும். 2016 டிசம்பர் 17-க்குப் பிறகு தொடங்கிய ஆய்வுகள் புது மருந்து விண்ணப்பத்தோடு போகும்போது எஃப்டிஏவில் இந்தத் தர வடிவம் கட்டாயம். 2021 செப்டம்பர் 15 முதல் டிஃபைன் கோப்பு இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம் என்று ஆகிவிட்டது. அதனால் எல்லாரும் செய்கிறார்கள். எப்போது செய்கிறார்கள் என்பதில்தான் கோளாறு.

பள்ளத்தூரில் எங்கள் அப்பத்தா வீட்டில் ஒரு சாமான் அறை உண்டு. பித்தளை அண்டா, வெண்கலப் பானை, மங்குச் சாமான் எல்லாம் பெயர் வெட்டி அடுக்கி வைத்திருப்பார்கள். பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குச் சாமான் போகும்போது அப்பத்தா வாசற்படியிலேயே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிட்டை எழுதச் சொல்வார். திரும்பி வரும்போது அதே சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். சாமான் திரும்பி வந்த பிறகு, வந்ததை எண்ணிச் சிட்டை எழுதினால் கணக்கு எப்போதும் சரியாகத்தான் வரும், ஒரு அண்டா குறைந்திருந்தாலும். தரவிலிருந்தே டிஃபைன் கோப்பை உருவாக்கி அதே தரவை அதனோடு ஒப்பிடுவதும் இதுதான்.

எனக்கு இது புரிந்தது ஒரு ரத்த அழுத்த ஆய்வில். நோயாளியைப் படுக்க வைத்தும், உட்கார வைத்தும், நிற்க வைத்தும் அழுத்தம் பார்க்க வேண்டும். படிவத்தில் மூன்று வட்டங்கள், உள்ளே 1, 2, 3 என்று குறியீடு. ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு போன்றவை போகும் வைட்டல் சைன்ஸ் அட்டவணைக்கான நிரலில் யாரோ 1-ஐயும் 2-ஐயும் மட்டும் சொற்களாக மாற்றிவிட்டு 3-ஐ விட்டுவிட்டார்கள். நின்றபடி எடுத்த அத்தனை அளவுகளுக்கும் நிலை என்கிற பத்தி காலியாகப் போனது. சரிபார்ப்பு மென்பொருள் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் தரப்படி அந்தப் பத்தி காலியாக இருக்கலாம். டிஃபைன் கோப்பும் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அதைத் தரவிலிருந்து எடுத்திருந்தோம், அதனால் அதன் சொற்பட்டியலிலும் 'சுபைன்' (படுத்தபடி), 'சிட்டிங்' (உட்கார்ந்தபடி) இரண்டுதான். இரண்டும் அழகாகப் பொருந்தின. அச்செடுத்த படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்த ஒரு தோழிதான், "இங்க மூணு வட்டம் இருக்கே, மூணாவது எங்க?" என்று கேட்டார்.

இது சின்ன விஷயமில்லை. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 மில்லிமீட்டர் இறங்கினால் அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு. அப்படி இறங்குகிறவர் படுக்கையிலிருந்து எழுந்ததும் தலை சுற்றி விழலாம். மருந்து அதை உண்டாக்குகிறதா என்று பார்க்கத்தானே நிற்க வைத்து அளந்தார்கள்? எது நின்றபடி எடுத்தது என்றே தெரியாவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. தன் கையை நீட்டிக்கொண்டு நின்றவருக்கு நாம் என்ன சொல்வது?

அதற்குப் பிறகு நான் டிஃபைனுக்கான விவரக்குறிப்பை நிரல் எழுதும் முன்பே, ஆய்வுத் திட்டத்தையும் படிவத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரு எக்செல் கோப்பு போதும். அப்புறம் தரவு வந்ததும் இரண்டு பக்கமும் ஒப்பிடுகிறேன்: தரவில் இருக்கிற, ஆனால் பட்டியலில் இல்லாத சொல் எது, பட்டியலில் இருக்கிற, ஆனால் தரவில் ஒரு தடவைகூட வராத சொல் எது. முதலாவதை மென்பொருள் பிடித்துவிடும். இரண்டாவதை நாம்தான் கேட்க வேண்டும், பெரிய ஓட்டைகள் அங்கேதான் இருக்கும். ஒரு சொல் வராமல் இருக்க நல்ல காரணமும் இருக்கலாம், ஆனால் அந்தக் காரணம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பத்தியின் பெயர் 8 எழுத்து, விளக்கப்பெயர் 40, உரை 200 என்கிற பழைய கோப்பு வடிவத்தின் வரம்புகளையெல்லாம் மென்பொருளே பார்த்துக்கொள்ளும், அதில் நேரம் போக்க வேண்டாம். ஆனால் சிடிஸ்க்கின் பொதுச் சொற்பட்டியலில் எந்தப் பதிப்பு என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. கோப்பில் ஒரு பதிப்பும் மென்பொருளில் இன்னொரு பதிப்பும் இருந்தால் இல்லாத பிழையெல்லாம் வந்து நிற்கும், அந்தக் கூட்டத்தில் உண்மையான பிழை மறைந்துவிடும்.

கடைசியில் தீர்க்க முடியாத எச்சரிக்கைகள் சில மிஞ்சும். அவற்றைத் திருத்துகிறேன் என்று தரவில் கை வைக்காதீர்கள். வாந்தி எப்போது தொடங்கியது என்று கேட்டால் நோயாளிக்கு மார்ச் மாதம் என்று மட்டும்தான் நினைவிருக்கிறது, அப்போது தேதி 2019-03 என்றே இருக்கட்டும். மென்பொருளில் பச்சை வண்ணம் வரவேண்டும் என்பதற்காக அதில் 01 சேர்க்க வேண்டாம். எஃப்டிஏ போன்ற இடங்களில் தரவைப் பரிசீலிப்பவருக்கென்று எழுதும் வழிகாட்டி ஆவணத்தில், தரவில் இப்படி எத்தனை வரிகள், யாருடையவை, ஏன் அப்படி என்று நான்கு வரி எழுதினால் போதும்.