பழைய சிநேகிதம் உடம்புக்குள் என்ன செய்கிறது?

கல்லூரி முடித்து 25 ஆண்டுகள் கழித்து எங்கள் வகுப்பு ஒன்றுகூடியபோது, மண்டப வாசலில் ஒருவர் வந்து நின்றார். தலை முழுக்க நரை, கொஞ்சம் தொப்பை, மூக்குக் கண்ணாடி. பார்த்த நொடியிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. விடுதியில் எந்த அறை, மெஸ்ஸில் எந்த மூலையில் உட்காருவான், பரீட்சைக்கு முந்தின ராத்திரி எப்படிப் புலம்புவான், எல்லாம் வரிசையாக வந்தன. பெயர் மட்டும் வரவில்லை. அதற்குள் பின்னாலிருந்து யாரோ "டேய் கலெக்டர்!" என்று கத்த, மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

முகம் நிற்கிறது, பட்டப்பெயர் நிற்கிறது, சொந்தப் பெயர் நழுவிவிடுகிறது. வயதாகிவிட்டதன் அடையாளம் என்று இதை நினைத்துக் கவலைப்படுகிறவர்கள் உண்டு. மூளை இயல்பாகவே இப்படித்தான் வேலை செய்கிறது.

அமெரிக்காவின் ஓஹாயோ வெஸ்லியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி பாரிக் தன் சகாக்களுடன் இதைச் சோதித்து 1975-இல் முடிவுகளை வெளியிட்டார். 17 வயது முதல் 74 வயது வரை உள்ள 392 பேரை அழைத்தார்கள். அவர்களில் சிலர் பள்ளியை விட்டுச் சில மாதங்களே ஆனவர்கள், சிலர் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனவர்கள். அவரவர் பள்ளி ஆண்டு மலரிலிருந்து ஒரு படத்தை எடுத்து, முன்பின் தெரியாத நான்கு பேரின் படங்களுடன் கலந்து வைத்து, இதில் உங்கள் வகுப்புத் தோழர் யார் என்று கேட்டார்கள். 35 ஆண்டுகள் வரை பத்துக்கு ஒன்பது தடவை சரியான முகத்தைக் காட்டினார்கள். படம் ஏதும் இல்லாமல் பெயர்களை நினைவிலிருந்து சொல்லச் சொன்னபோதோ கதை வேறு. அது மிகக் குறைவாகத் தொடங்கி, காலம் போகப் போக இன்னும் குறைந்தது.

முகங்கள் ஏன் இப்படி ஒட்டிக்கொள்கின்றன? அவற்றை நாம் உட்கார்ந்து மனப்பாடம் செய்வதில்லை. மூன்று நான்கு ஆண்டுகள், வகுப்பிலும் பேருந்திலும் விளையாட்டு மைதானத்திலும், விட்டு விட்டுத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். இடைவெளி விட்டுக் கற்றது நீண்ட நாள் நிற்கும் என்பது நினைவாற்றல் ஆய்வில் மிக உறுதியான கண்டுபிடிப்புகளில் ஒன்று. அதோடு, எதிரே இருப்பதை அடையாளம் காண்பது எளிது. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒன்றைத் தோண்டி எடுப்பதுதான் கடினம்.

பெயரின் சிக்கல் தனி. ஒரு முகத்தைக் காட்டி "இவர் தச்சர்" என்று சொன்னால், உளி, மரத்தூள், இழைப்புளி என்று பல கொக்கிகள் மனதில் விழுகின்றன. அதே முகத்துக்கு "இவர் பெயர் ரமேஷ்" என்றால் ஒரு கொக்கியும் இல்லை. தொழிலை நினைவில் வைப்பது எளிது, அதே சொல்லைப் பெயராகச் சொன்னால் மறந்துபோகும் என்பதை உளவியலாளர்கள் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். நம் ஊர்ப் பட்டப்பெயர்கள் சாகாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். "கலெக்டர்" என்ற பெயருக்குள் ஒரு கதை இருக்கிறது: முதல் நாள் அறிமுகத்தில் எழுந்து நின்று, "நான் கலெக்டர் ஆகப்போகிறேன்" என்று அவன் சொன்னது. கதை இருக்கும்வரை பெயரும் இருக்கும்.

சரி, அடையாளம் கண்டாயிற்று. அப்புறம் பேச்செல்லாம் ஏன் அந்த மூன்று நான்கு ஆண்டுகளையே சுற்றி வருகிறது? நாற்பதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகள் அளவுக்கு மீறிக் குவிகின்றன. வரைபடத்தில் போட்டால் அந்த இடத்தில் ஒட்டகத் திமில் போல ஒரு மேடு தெரியும். வீட்டை விட்டு முதல் முறை வெளியே தங்கியது, முதல் சம்பளம், முதல் காதல் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நாம் யார் என்று நமக்கு நாமே முடிவு செய்துகொண்டதும் அந்த வயதில்தான்.

இனி உடம்புக்கு வருவோம். எனக்கு மிகப் பிடித்த பகுதி சிரிப்பு. ராபர்ட் புரோவின் என்ற அமெரிக்க ஆய்வாளர், மக்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று பொது இடங்களில் நின்று கவனித்துக் குறித்தார். தனியாக இருக்கும்போது சிரிப்பதைப் போல ஏறக்குறைய 30 மடங்கு கூட்டத்தில் சிரிக்கிறோம். சிரிப்புக்கு முன்னால் சொல்லப்பட்ட வாக்கியங்களில் நகைச்சுவை என்று சொல்லத்தக்கவை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. "நீ இன்னும் மாறவே இல்லடா" என்பதில் என்ன நகைச்சுவை இருக்கிறது? ஆனாலும் பத்துப் பேர் விழுந்து விழுந்து சிரிக்கிறோம்.

ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ராபின் டன்பார் குழு 2012-இல் இதை ஒரு படி மேலே கொண்டுபோனது. சிலருக்கு நகைச்சுவைக் காட்சிகளையும், சிலருக்குச் சிரிக்க இடமில்லாத காட்சிகளையும் போட்டுக் காட்டினார்கள். அதற்கு முன்னும் பின்னும், கையில் உறையவைத்த உறையை மாட்டியோ ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கியோ, எவ்வளவு வலியைத் தாங்க முடிகிறது என்று அளந்தார்கள். நன்றாகச் சிரித்தவர்களின் வலி தாங்கும் அளவு கூடியிருந்தது. விலா வலிக்கச் சிரிக்கும்போது, மூளை எண்டார்ஃபின் என்ற இயற்கை வலிநிவாரணியைச் சுரக்கிறது என்பது அவர்களின் விளக்கம்.

இது ஊகம்தானே என்று கேட்கலாம். பின்லாந்தின் துர்க்கு நகரில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு அதை மூளைக்குள்ளேயே பார்த்தது. 12 ஆண்கள், தங்கள் நெருங்கிய நண்பர்களுடன் அரை மணி நேரம் நகைச்சுவைக் காட்சிகளைப் பார்த்துச் சிரித்த பிறகு, மூளைக்குள் நடப்பதைப் படம் பிடிக்கும் பெட் (PET) ஸ்கேன் எடுக்கப்பட்டது. எண்டார்ஃபின் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களான ஓபியாய்டு ஏற்பிகளில் தானும் போய் உட்காரும் ஒரு கதிரியக்கப் பொருளை உடம்பில் செலுத்தியிருந்தார்கள். மூளை தானே சுரந்த எண்டார்ஃபின் வகைப் பொருள்கள் அந்த இடங்களை முன்பே பிடித்துக்கொண்டிருந்தால், செலுத்திய பொருளுக்கு இடம் குறையும். மூளையின் நடுவிலுள்ள தாலமஸ் போன்ற பகுதிகளில் அப்படித்தான் குறைந்திருந்தது. ஆள் எண்ணிக்கை சிறியது, ஆனால் அளந்த விதம் நேரடியானது. குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்து உறவை வளர்க்கின்றன, ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் பார்க்க முடியும். மனிதர்கள் சேர்ந்து சிரித்து அதே வேலையை ஒரே நேரத்தில் பல பேரிடம் முடித்துக்கொள்கிறோம் என்கிறார் டன்பார். எங்கள் மண்டபத்தை நினைத்துப் பார்த்தால் அவர் சொல்வது சரியென்றே படுகிறது.

ஒரு நாள் சிரிப்பு ஒரு நாளோடு போய்விடும். உறவு நீடித்தால் என்ன ஆகும்? கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஷெல்டன் கோஹன் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல உடல்நலத்தோடு இருந்த 276 பேரின் மூக்கில் ஜலதோஷ வைரஸ் துளிகளை விட்டு, தனியே தங்கவைத்துக் கவனித்தார்கள். துணைவர், பெற்றோர், அண்டைவீட்டார், வேலைத் தோழர், படிப்புத் தோழர் என்று 12 வகை உறவுகளில் எத்தனை வகையில் அவர்கள் தொடர்பு வைத்திருக்கிறார்கள் என்று முதலிலேயே கேட்டிருந்தார்கள். மூன்று வகைக்கு மேல் உறவு இல்லாதவர்களுக்கு, ஆறும் அதற்கு மேலும் உள்ளவர்களைவிட ஜலதோஷம் பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. இங்கே கவனிக்க வேண்டியது வகை. ஒரே அலுவலகத்து ஆட்கள் இருபது பேரைத் தெரிந்திருப்பது வேறு, வாழ்க்கையின் வெவ்வேறு அறைகளில் ஆட்கள் இருப்பது வேறு.

ஜலதோஷத்தில் மூக்கு ஒழுகுவதும் தொண்டை வீங்குவதும் பெரும்பாலும் வைரஸ் செய்வதல்ல, நம் உடம்பின் அழற்சி செய்வது. கார்டிசால் என்ற ஹார்மோன் அந்த அழற்சிக்குக் கடிவாளம். மாதக்கணக்கில் மன அழுத்தம் நீடித்தால், நோய் எதிர்ப்பு அணுக்களுக்குக் கார்டிசாலின் சொல் காதில் விழாமல் போகிறது, கடிவாளம் தளர்ந்துவிடுகிறது. கோஹன் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. மனதில் உள்ளதை இறக்கிவைக்க ஆள் இருந்தால் அந்த அழுத்தம் அத்தனை நாள் நீடிக்காது.

இன்னும் நீண்ட கணக்கும் இருக்கிறது. ஹார்வர்டில் 1938-இல் 268 கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. ஜான் எஃப். கென்னடியும் அவர்களில் ஒருவர். பாஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 456 சிறுவர்களின் வாழ்க்கையும் பின்னர் அதோடு சேர்க்கப்பட்டது. பல பத்தாண்டுகள் ரத்தப் பரிசோதனை, கேள்வித்தாள், நேர்காணல் என்று விடாமல் தொடர்ந்தார்கள். 50 வயதில் தங்கள் உறவுகளில் நிறைவாக இருந்தவர்களே 80 வயதில் அதிக ஆரோக்கியமாக இருந்தார்கள். இதைக் கணிப்பதில் கொலஸ்ட்ரால் அளவுகூட அத்தனை உதவவில்லை என்கிறார் இன்று அதை நடத்தும் ராபர்ட் வால்டிங்கர். அந்த முதல் குழு முழுக்க வெள்ளை இன ஆண்கள் என்பதையும், உடம்பு நன்றாக இருந்தால் உறவும் நன்றாக அமையலாம் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் 148 ஆய்வுகளில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டு அலசலும் இதே திசையைத்தான் காட்டியது: உறவு வலுவாக உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம்.

இதையெல்லாம் படித்தபின் என் மனதில் நிற்பது வந்தவர்கள் அல்ல, வராதவர்கள்தான். வேலை போனவர், மணவாழ்க்கை முறிந்தவர், நோயில் விழுந்தவர். கூட்டத்தில் நுழைந்ததும் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒப்பிடுவது மனித இயல்பு, அதைத் தாங்க முடியாது என்று ஒதுங்குகிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜான் கேசியப்போ தனிமையைப் பற்றிச் சொன்னது இங்கே பொருந்தும்: தனிமை நீடித்தால் மூளை எச்சரிக்கை நிலைக்குப் போய், பிறர் முகத்தில் ஆபத்தையே தேடத் தொடங்கும். ஆள் தேவைப்படும் நேரத்தில் ஆட்களே பயமாகத் தெரிவார்கள். அவர்கள் தாமாக வருவார்கள் என்று காத்திருப்பது வீண்.

நாம் அழைக்கலாம். ஆனால் நமக்கும் தயக்கம். அமெரிக்க ஆய்வாளர் பெக்கி லியு குழுவின் 2022 ஆய்வு, நம் விசாரிப்பை மற்றவர் எவ்வளவு மதிப்பார் என்பதை நாம் தொடர்ந்து குறைத்தே கணிக்கிறோம் என்று காட்டியது. எதிர்பாராமல் வந்த விசாரிப்பு என்றால் மகிழ்ச்சி இன்னும் அதிகம். வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் போடும் பொது அழைப்பில் இந்த எதிர்பாராமை இல்லை என்பது என் எண்ணம். உளவியலாளர்கள் லாரா அக்னின், ஜிலியன் சாண்ட்ஸ்ட்ரம் இருவரும் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பருக்கு எழுத ஆசைப்பட்டு, எண் கையில் இருந்து, நேரமும் கொடுக்கப்பட்டபோதுகூட மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவானவர்களே அனுப்பினார்கள். முதலில் இப்போதைய நண்பர்களுக்குச் சில நிமிடங்கள் செய்தி அனுப்பிப் பழகியபின், பாதிக்கு மேற்பட்டவர்கள் பழைய நண்பருக்கும் அனுப்பினார்கள்.

அடுத்த சந்திப்புக்கு நாங்கள் பொது அழைப்போடு நிறுத்தவில்லை. வராதவர்களின் பட்டியலை எடுத்து, ஆளுக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டோம். எனக்கு வந்தது, முதல் ஆண்டில் என் பக்கத்துக் கட்டில்காரன். ஞாயிறு காலை கலெக்டரிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு, போனைக் கீழே வைக்காமல் அடுத்து அவன் எண்ணை அழுத்தினேன்.