காப்பு அலைவரிசை: ‘கிளியர் சேனல்’ என்ற சொல்லின் கதை

அமெரிக்க வானொலியைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் எவரும் ‘கிளியர் சேனல்’ என்ற தொடரை விரைவிலேயே சந்திப்பார். லாஸ் ஏஞ்சலிஸின் கே.எஃப்.ஐ. 640, சின்சினாட்டியின் டபிள்யூ.எல்.டபிள்யூ. 700, நியூயார்க்கின் டபிள்யூ.ஏ.பி.சி. 770 போன்ற பேச்சு வானொலி நிலையங்கள் இதைப் பட்டம் போலச் சூடிக்கொள்கின்றன. பெயருக்குப் பின்னால் வரும் எண், கிலோஹெர்ட்ஸில் அந்த நிலையத்தின் அலைவரிசை. தமிழில் எழுதுவோர் இதைத் ‘தெளிவான அலைவரிசை’ என்று பெயர்த்துவிட்டுக் கடந்துபோகக் கூடும். அப்படிப் பெயர்த்தால், கரகரப்பில்லாமல் துல்லியமாகக் கேட்கும் நிலையம் என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். அந்தப் பொருள் இந்தச் சொல்லில் இல்லை. இது ஒலியின் தரத்தைக் குறிக்காத, உரிமையைக் குறிக்கும் சட்டச் சொல்.

மூலத்தைப் பார்ப்போம். லத்தீனில் ‘கிளாருஸ்’ என்றால் ஒளியுள்ள, விளங்கத் தெரிகிற என்று பொருள். அதிலிருந்து வந்த ஆங்கிலச் சொல்லுக்குக் காலப்போக்கில் ‘தடை நீங்கிய’, ‘பிறர் இல்லாத’ என்ற இரண்டாவது பொருளும் சேர்ந்தது. சாலையில் எதிரே வண்டி எதுவும் இல்லை என்பதற்கும் அவர்கள் இதே சொல்லைத்தான் ஆள்கிறார்கள். வானொலிச் சட்டம் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது பொருளை. ‘சேனல்’ லத்தீன் ‘கானாலிஸ்’, அதாவது கால்வாய், என்பதன் வழிவந்தது. அதற்குத் தமிழில் ‘அலைவரிசை’ நன்றாக வேரூன்றிவிட்டதால் மாற்ற வேண்டிய தேவை இல்லை.

இப்படி ஒரு சொல் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு 1926ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். ஜெனித் நிறுவனத்தின் சிகாகோ நிலையம், தனக்கு ஒதுக்கப்படாத ஓர் அலைவரிசைக்குத் தாவியது. வழக்கு நீதிமன்றம் சென்றது. நிலையங்களைக் கட்டுப்படுத்த வணிகத் துறைச் செயலருக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பு வந்தது. உடனே நிலையங்கள் விருப்பம்போல் அலைவரிசையை மாற்றின, மின்திறனை ஏற்றின. பெருநகரங்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒலித்தன. 1927இல் அமெரிக்க நாடாளுமன்றம் வானொலிச் சட்டம் இயற்றிக் கூட்டாட்சி வானொலி ஆணையத்தை அமைத்தது. அந்த ஆணையம் பிறப்பித்த 40ஆம் எண் பொது ஆணை 1928 நவம்பர் 11 அன்று நடைமுறைக்கு வந்தது. மொத்தம் 96 அலைவரிசைகள். அவற்றில் 40ஐ ஆணையம் ‘கிளியர்’ என்று வகைப்படுத்தியது. இந்த நாற்பதில் ஒவ்வொன்றிலும், இரவில் நாடு முழுவதற்கும் ஒரே ஒரு நிலையம்தான் ஒலிக்கலாம்.

‘இரவில்’ என்பதுதான் இங்கே உயிர்நாடி. மத்திய அலை பகலில் நிலத்தை ஒட்டியே செல்லும். வானை நோக்கிப் போகும் பங்கை, தரையிலிருந்து சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் சூரிய ஒளியால் உருவாகும் அயனிப் படலம் விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்தப் படலம் கலைகிறது. அதற்கும் மேலே உள்ள படலங்கள் அலையைத் திருப்பி அனுப்ப, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அது தரையிறங்குகிறது. ஆகவே பகலில் ஒன்றையொன்று அறியாத இரண்டு நிலையங்கள் ஒரே எண்ணில் இருந்தால் இரவில் மோதிக்கொள்ளும். அந்த மோதலைத் தடுத்து, நிலையமே இல்லாத பண்ணை வீடுகளுக்கும் மலை ஊர்களுக்கும் இரவில் ஒரு குரலாவது போய்ச் சேர வேண்டும் என்பது ஆணையின் நோக்கம். நல்ல நோக்கம்தான். நடைமுறையில் இந்த இடங்கள் பெரும்பாலும் பெரு நிறுவனங்களுக்கும் வலைப்பின்னல்களோடு இணைந்த நிலையங்களுக்கும் போயின. கல்லூரிகளும் சிற்றூர்களும் நடத்திவந்த நிலையங்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன. இந்தக் குறையையும் சேர்த்துச் சொன்னால்தான் சொல்லின் வரலாறு நேர்மையாக இருக்கும்.

காலி செய்யப்பட்ட எண் கையில் இருந்தால் எவ்வளவு மின்திறனையும் ஏற்றலாமா? இந்தக் கேள்வியைச் செயலில் கேட்டவர் டபிள்யூ.எல்.டபிள்யூ. உரிமையாளர் பவல் கிராஸ்லி. 1934 மே மாதத்தில் அவருடைய நிலையம் சோதனை அனுமதியின் பேரில் 5,00,000 வாட்டில் முழங்கத் தொடங்கியது. அதிபர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையிலிருந்தபடியே பொத்தானை அழுத்தித் தொடங்கிவைத்தார். சின்சினாட்டியில் பேசியது நாட்டின் பெரும்பகுதிக்குக் கேட்டது. கனடாவின் டொரண்டோவில் 690 கிலோஹெர்ட்ஸில் இருந்த நிலையமோ இதன் பக்கத்து அலைவரிசை வெள்ளத்தில் மூழ்கியது. பக்கத்துக் குரலை நசுக்காதபடி வடக்கே திறனைக் குறைக்கும் ஏரியல் அமைப்பு வரும்வரை, இரவில் 50,000 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. 1938இல் அமெரிக்க மேலவை, 50,000 வாட்டுக்கு மேற்பட்ட திறன் பொதுநலனுக்கு உகந்ததன்று எனத் தீர்மானித்தது. 1939 மார்ச்சில் அந்தப் பெருந்திறன் ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. இன்றுவரை அந்நாட்டின் மத்திய அலை நிலையங்களுக்கு 50,000 வாட்தான் உச்சவரம்பு.

வாட் எண்ணைப் பார்த்து மட்டும் நிலையத்தின் வலிமையை எடைபோடக் கூடாது. அனுப்பும் முனையில் உள்ள மின்திறன் வேறு; கேட்பவர் வீட்டுக்கு வந்து சேரும் புலச்செறிவு வேறு. மின்திறனைப் பத்து மடங்காக்கினால் புலச்செறிவு சுமார் 3.16 மடங்குதான் கூடும். பேச்சுவழக்கில் ‘சிக்னல்’ என்று நாம் சொல்வது இந்தப் புலச்செறிவையே. ஒரு மீட்டருக்கு இத்தனை மில்லிவோல்ட் என்று அதை அளக்கிறார்கள். அதைத் தீர்மானிப்பதில் அலைவரிசை எண்ணுக்கும் மண்ணுக்கும் பெரும் பங்கு உண்டு. எண் சிறியதாக இருந்தால் நிலவழி அலை தொலைவு போகும். ஈரமும் வளமும் உள்ள மண் அலையைச் சுமந்துசெல்லும். பாறை நிலம் குடித்துவிடும். வடக்கு டகோட்டாவின் பிஸ்மார்க் நகரில் 550 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் கே.எஃப்.ஒய்.ஆர். வெறும் 5,000 வாட் நிலையம். சமவெளி மண்ணின் புண்ணியத்தால் அதன் பகல் எல்லை, பாறைப் பகுதிகளில் 1,500க்கு மேற்பட்ட எண்களில் இயங்கும் 50,000 வாட் நிலையங்களைவிட விரிந்தது. உப்புநீர் மண்ணைவிடப் பன்மடங்கு சிறந்த கடத்தி. இலங்கை வானொலியின் மத்திய அலை ஒலிபரப்பு கடல் தாண்டித் தமிழகக் கரையோர ஊர்களில் உள்ளூர் நிலையம் போலக் கேட்டதன் இயற்பியலும் இதுவே.

உள்ளூர்ப் போட்டியில் இந்தச் சொல்லின் கனம் விளங்க லாஸ் ஏஞ்சலிஸைப் பார்க்கலாம். அங்கே பேச்சு வானொலிக்கு வழிகாட்டியது 790இல் இருந்த கே.ஏ.பி.சி. 1960இலேயே இசையை விட்டு முழுநேரப் பேச்சுக்கு மாறிய நிலையம் அது. நெடுங்காலம் 5,000 வாட்தான். இரவில் பிற நிலையங்களிடமிருந்து காப்பில்லாத, பல ஊர்கள் பகிர்ந்துகொள்ளும் வட்டார அலைவரிசை. இருந்தும் பல ஆண்டுகள் அந்நகரின் பேச்சு வானொலி என்றால் அதுதான். 1970களின் இறுதியில் இசை கேட்போர் பண்பலைக்குக் குடிபெயர்ந்தார்கள். பாட்டை இழந்த மத்திய அலை நிலையங்களுக்குப் பேச்சு ஒன்றே மிஞ்சியது. நியூயார்க்கின் டபிள்யூ.ஏ.பி.சி. 1982 மே 10 அன்று பாட்டை நிறுத்தியது. சர்ச்சைக்குரிய பொருளில் மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்ற விதியை 1987இல், பழைய வானொலி ஆணையத்தின் இடத்துக்கு வந்திருந்த கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் கைவிட்டது. அடுத்த ஆண்டே பழமைவாதப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் நிகழ்ச்சி நாடு தழுவியதாயிற்று.

அந்த மாற்றத்தின் போக்கில்தான் 640இன் கே.எஃப்.ஐ. பேச்சுக்கு வந்தது. 1922இல் கார் வணிகர் ஏர்ல் ஆண்டனி தொடங்கிய நிலையம், 50,000 வாட், சிறிய எண், அதன் மேல் காப்பு. 1990களில் அது கே.ஏ.பி.சி.யை முந்தியது. நிகழ்ச்சியாளர்களின் திறமைக்கு அதில் பங்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நகரம் அதற்குள் ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ, ஆரஞ்சு வட்டங்கள்வரை படர்ந்திருந்தது. காலையிலும் மாலையிலும் காரில் நெடுந்தொலைவு போகிறவர்களே பேச்சு வானொலியின் பெரும் வாடிக்கையாளர்கள். பாதி வழியில் தேய்ந்துபோகும் குரலைவிட வீட்டு வாசல்வரை கூட வரும் குரலுக்கே அவர்கள் பழகுவார்கள். போட்டியாளர் எவ்வளவு பணம் செலவிட்டாலும் 640ஐ இன்னொன்று உருவாக்கிக்கொள்ள முடியாது என்பதே என் முடிவு.

கிளியர், வட்டாரம், உள்ளூர் என்ற படிநிலையின் அடியில் இருப்பவை உள்ளூர் அலைவரிசைகள்: 1230, 1240, 1340, 1400, 1450, 1490. உச்சவரம்பு 1,000 வாட். ஒவ்வோர் எண்ணிலும் நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள். இரவில் அவை எல்லாம் ஒன்றாகக் கலந்து முணுமுணுப்பதால் வானொலித் தொழிலில் இருப்போர் அவற்றை ‘இடுகாடு’ என்றே அழைக்கிறார்கள். சொந்த ஊரின் பள்ளிக் கால்பந்தையும் ஊராட்சிக் கூட்டத்தையும் ஒலிபரப்பும் அந்த நிலையங்களுக்கு, பொழுது சாய்ந்தால் ஊர் எல்லைதான் உலக எல்லை.

நாடு முழுவதற்கும் ஒரே நிலையம் என்ற முழுக் காப்பு நிலைக்கவில்லை. 1941இல் நியூ மெக்சிகோவின் கே.ஓ.பி. நிலையத்துக்கு 770இல் தற்காலிக இடம் தரப்பட்டது. நியூயார்க் நிலையத்தோடு அது பற்றிய வழக்கு பல பத்தாண்டுகள் நீண்டது. 1980இல் ஆணையம் காப்பு எல்லையை 750 மைல், அதாவது சுமார் 1,200 கிலோமீட்டர், என்று சுருக்கியது. அதற்கு அப்பால் புதிய நிலையங்கள் வரலாம். இன்றைய விதிநூலில் வகுப்புப் பெயர் ‘ஏ’ என்ற ஒற்றை எழுத்துதான். பேச்சில் பழைய சொல்லே வாழ்கிறது.

ஆகவே தமிழில் எப்படிச் சொல்வது? ‘தெளிவு’ பொருந்தாது என்று பார்த்தோம். ‘தனி அலைவரிசை’ 1928க்குப் பொருந்தும். 1980க்குப் பின் பொய்யாகிவிடும். ‘தடையற்ற அலைவரிசை’ என்றால் நிறுத்தாமல் ஒலிக்கும் நிலையம் என்று மயக்கம் வரும். நான் ‘காப்பு அலைவரிசை’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். வனத்துறை வழக்கில் ‘காப்புக் காடு’ என்கிறோம். பிறர் நுழையாதபடி சட்டம் எல்லை வரைந்து காக்கும் காடு அது. இங்கும் சட்டம் செய்வது அதையே. எல்லை சுருங்கினாலும் சொல் பிழையாவதில்லை. ஏனைய இரண்டு படிகளுக்கு ‘வட்டார அலைவரிசை’, ‘உள்ளூர் அலைவரிசை’ போதும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் பெயர்க்கக் கூடாது. டெக்சஸின் சான் அந்தோனியோவில் 1972இல் தொடங்கிய ஒரு நிறுவனம், 1200இல் இருந்த டபிள்யூ.ஓ.ஏ.ஐ. என்ற காப்பு அலைவரிசை நிலையத்தை 1975இல் வாங்கி, அந்தப் பெருமையையே தன் பெயராக்கிக் ‘கிளியர் சேனல் கம்யூனிகேஷன்ஸ்’ ஆனது. 1996இன் தொலைத்தொடர்புச் சட்டம் உடைமை வரம்புகளைத் தளர்த்தியதும் நூற்றுக்கணக்கான நிலையங்களை வாங்கிக் குவித்தது. 2014இல் ‘ஐஹார்ட்மீடியா’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. பழைய செய்திகளில் வரும் ‘கிளியர் சேனல்’ அலைவரிசையா, நிறுவனமா என்று பார்த்துவிட்டே மொழிபெயர்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் காப்பு பிற நிலையங்களிடமிருந்து மட்டுமே. எல்.இ.டி. விளக்கு, கைப்பேசி மின்னேற்றி, மின்சாரக் காரின் மோட்டார் ஆகியவை கிளப்பும் இரைச்சலை அது தடுக்காது. மின்சாரக் கார் தயாரிப்பாளர்கள் சிலர் மத்திய அலை வானொலியையே வண்டியிலிருந்து அகற்ற முற்பட்டதும், ஒவ்வொரு காரிலும் அது இருக்க வேண்டும் என்ற சட்ட முன்வரைவு 2023இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்ததும் இதன் தொடர்ச்சி. சிறு நிலையங்கள் பலவும் 250 வாட் பண்பலை மறு ஒலிபரப்பியை வைத்துக்கொண்டு ஊருக்குள் தங்கள் குரலைக் காத்துவருகின்றன.