பொம்பிளப் பிள்ளைக்கு பயோ, பொடியனுக்கு மேத்ஸ்: ஆர் எழுதின சட்டம்?

ஓ.எல் (பதினோராம் வகுப்புச் சோதினை) ரிசல்ட்ஸ் வந்த கையோட திருகோணமலையில எங்களிட்ட தொழில் வழிகாட்டலுக்கு வாற அம்மா அப்பாமார் கேக்கிறது அநேகமா ஒண்டுதான், "டீச்சர், மகளுக்கு மேத்ஸும் சயன்ஸும் ஏ, ஏ.எல்லுக்கு (பன்னிரண்டு, பதின்மூண்டாம் வகுப்பு) பயோ பிரிவு தானே?" அதே ரிசல்ட்ஸோட மகன் வந்தா "மேத்ஸ் தானே?" எண்டு கேள்வி மாறிடும். பிள்ளை பக்கத்திலதான் இருக்கும், அதின்ர வாயத் திறக்க விடமாட்டாங்க.

ஏன் எண்டா "மேத்ஸ் பொம்பிளப் பிள்ளைக்கு கஷ்டம்" எண்டுவாங்க. பயோ எடுத்து மெடிசினுக்குப் போக நினைக்கிற பிள்ளையும் பௌதிகவியல், இரசாயனவியல் ரெண்டும் படிக்கத்தானே வேணும், வித்தியாசம் உயிரியலா இணைந்த கணிதமா எண்ட ஒரு பாடம், பிசிக்ஸ் கணக்கெல்லாம் செய்ற பிள்ளைக்கு அது மட்டும் ஓடாதாமா?

உண்மையில இது பத்தாம் வகுப்பில, பட்டியலில இருந்து ஒண்டைத் தெரிவு செய்ற தொகுதிப் பாடத்திலயே தொடங்கிடுது. நிலாவெளிப் பக்கத்துப் பிள்ளை ஒண்டு, அப்பாட போட் எஞ்சினில பிளக் கழட்டித் துடைச்சுப் பூட்டுற பிள்ளை, ஃபோர்மில மனையியல் எண்டு எழுதியிருந்தா. வடிவமைப்பும் இயந்திரத் தொழில்நுட்பமும் ஏன் எடுக்கேல்ல எண்டு கேட்டன். "அதில பொடியன்மார் மட்டும்தான் டீச்சர்." சில பெண்கள் பள்ளிக்கூடங்களில அந்தப் பாடமே இல்ல, பிறகு எதைத் தெரிவு செய்றது? மனையியல் எடுக்க ஆசைப்பட்ட பொடியனுக்கும் இதே கதிதான், அவனுக்குக் கிடைக்கிறது பட்டப்பெயர்.

மூதூர், குச்சவெளிப் பக்கம் இன்னொரு சிக்கல். 1சி தரப் பள்ளிக்கூடத்தில ஏ.எல்லுக்கு சயன்ஸ், மேத்ஸ் இல்ல, அது இருக்கிற 1ஏபி தரப் பள்ளிக்கூடத்துக்கு வரவேணும். மகனை டவுனில சொந்தக்காரர் வீட்டில விடுவாங்க, மகள் எண்டா பின்னேரக் கிளாஸ், பஸ், ஊர்வாய் எல்லாத்தையும் யோசிச்சு ஊரிலயே ஆர்ட்ஸ். ஆர்ட்ஸ் குறைஞ்சதில்ல, ஆனா அந்தப் பிள்ளை அதை விரும்பி எடுக்கேல்லயே. நாட்டில கெம்பஸ் (பல்கலைக்கழகம்) போறதில பாதிக்கு மேல பொம்பிளப் பிள்ளைகள், பொறியியல் பீடத்தில மட்டும் குறைவு.

2013ல ஏ.எல்லுக்கு டெக் (தொழில்நுட்பப்) பிரிவு வந்தப்ப மாறும் எண்டு நினைச்சம், எங்கட பக்கம் ஈ-டெக்குக்கு (பொறியியல் தொழில்நுட்பம்) பொடியன்மாரும் பயோ-டெக்குக்கு (உயிர்முறைமைகள் தொழில்நுட்பம்) பொம்பிளப் பிள்ளைகளுமாப் பிரிஞ்சு நிக்கினம்.

பெற்றோருக்கு ஒரு கணக்கு. கெம்பஸ் அனுமதியில 40 வீதம் மெரிட், 55 வீதம் மாவட்டக் கோட்டா, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு, அதில திருகோணமலையும் இருக்கு. அது மெடிசினுக்கு மட்டுமில்ல, இஞ்சினியரிங்குக்கும்தான். மெடிசின் எண்டு மூண்டாம் தரமும் சோதினை எழுதுற பிள்ளைகளில எத்தினை பேர் மேத்ஸ் கேட்டவை எண்டு எனக்குத் தெரியும், அதால இப்ப ஃபோர்ம் நிரப்ப முந்தி அம்மா அப்பாவை பத்து நிமிசம் வெளிய இருக்கச் சொல்லிட்டு பிள்ளையோட தனியக் கதைக்கிறன்.