பாலிமர் வெப்பக் கணக்கு: மோலோடு நிறுத்திவிடாதீர்கள்

சிங்கப்பூரில் ரசாயன ஆலைகள் நிறைந்த ஜூரோங் தீவில் புதிதாக வேலைக்கு வரும் நம் பிள்ளைகளிடம், இங்கே பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தவரானாலும் சரி, ஊரில் பி.டெக் முடித்தவரானாலும் சரி, நான் முதலில் கேட்பது இதைத்தான்: எத்திலீன் மூலக்கூறுகள் சங்கிலியாகச் சேர்ந்து பாலிஎத்திலீன் என்ற பாலிமர் ஆகும்போது எவ்வளவு வெப்பம் வரும்?

இரட்டைப் பிணைப்பை உடைக்க 612, ஒற்றைப் பிணைப்பு உருவாக 348, ஆக மோலுக்கு 264 கிலோஜூல் உள்ளே போகிறது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். இது உண்மையானால் ரியாக்டரைச் சூடாக்கிக்கொண்டே இருக்க வேண்டும், நடப்பது நேரெதிர். இரட்டைப் பிணைப்பு இருந்த இடத்தில் ஒன்று, பக்கத்து அலகோடு சேர இன்னொன்று என ஒவ்வொரு அலகுக்கும் இரண்டு ஒற்றைப் பிணைப்புகள் கிடைக்கின்றன. 612-இல் 696 போனால் மைனஸ் 84. வெப்பம் வெளியே வருகிறது.

இதுவும் தோராயம்தான். பாலிஸ்டைரீனின் மூலப்பொருளான ஸ்டைரீனை அளந்து பார்த்தால் சுமார் 70தான் வருகிறது, ஏனென்றால் பென்சீன் வளையத்தோடு இரட்டைப் பிணைப்புக்கு இருந்த, அதை நிலைப்படுத்திய உறவு பாலிமரானதும் போய்விடுகிறது. அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான மீதைல் மெத்தாக்ரிலேட்டில் இடநெருக்கடியும் சேர்ந்து 56 அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதனால் வேலைக்கு அளந்த மதிப்பையே எடுங்கள்.

சரி, 70 சின்ன எண்ணாகத் தெரிகிறதா? அதைக் கிலோவுக்கு மாற்றுங்கள். ஒரு மோல் ஸ்டைரீன் 104 கிராம், அப்படியானால் கிலோவுக்குச் சுமார் 670 கிலோஜூல். ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 2 கிலோஜூல் போதும் என்பதால், வெப்பம் வெளியேற வழியே இல்லாவிட்டால் 300 டிகிரிக்கு மேல் ஏறும். ஸ்டைரீன் கொதிப்பதோ 145-இல். போகப்போகக் கலவை தடித்து, கலக்கியும் குளிர்நீரும் திணறும் நேரத்தில்தான் வினையின் வேகமும் கூடுகிறது.

2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் 12 உயிர்களைப் பறித்த கசிவு, ரியாக்டரில் அல்ல, சேமிப்புத் தொட்டியில் தொடங்கியது. ஊரடங்கால் தேங்கிக் கிடந்த ஸ்டைரீன் உள்ளே தானாகவே பாலிமராகிச் சூடேறியது. நமக்கோ வருடம் முழுக்கக் கோடைதான், ஸ்டைரீன் தானாகப் பாலிமராகாமல் இருக்கச் சேர்க்கும் தடுப்பானும் சூட்டில் சீக்கிரம் தீர்ந்துபோகும். டிபிசி (டெர்ட்-பியூட்டைல் கேட்டகால்) என்ற தடுப்பான் வேலை செய்யக் கரைந்த ஆக்சிஜனும் வேண்டும், சுத்தமான நைட்ரஜனால் மூடிவிட்டால் தடுப்பான் இருந்தும் பயனில்லை. அடுத்த ஷிப்டில் தொட்டியின் வெப்பநிலையோடு தடுப்பானின் அளவையும் கரைந்த ஆக்சிஜனையும் கேட்டுப் பாருங்கள்.